சிமுலேஷன் சொல்லாமல் விடுவது

"சிமுலேஷன்ல சரியா வருது சார், போர்டுலதான் ஏதோ பிரச்சினை." எலக்ட்ரானிக் சர்க்யூட் டிசைன் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அவர்கள் மேல் வருத்தமில்லை, கல்லூரி லேப்பே பாதி திரையில் முடிந்துவிடுகிறது. ஆனால் திரையில் ஓடுவது நிஜ சர்க்யூட் அல்ல, ஒவ்வொரு உதிரியும் எப்படி நடக்கும் என்று யாரோ கணக்காக எழுதி வைத்த மாடல்தான். அதில் எழுதாத எதுவும் நமக்குத் தெரியவே தெரியாது.

இதைப் புரியவைக்க நான் எப்போதும் எடுப்பது இரண்டு டிரான்சிஸ்டர் போட்ட சாதாரண மல்டிவைப்ரேட்டர், அதாவது இரண்டும் மாறி மாறி ஆன், ஆஃப் ஆகி அலை உண்டாக்கும் சர்க்யூட். இரண்டு பிசி547 டிரான்சிஸ்டர்கள், 12 வோல்ட் சப்ளை, பேஸ் என்ற கட்டுப்பாட்டு முனைக்கு 47 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், 10 நானோஃபாரட் கெபாசிட்டர்கள். ஸ்பைஸ் என்ற சிமுலேஷன் மென்பொருளின் ஒரு வடிவமான எல்டிஸ்பைஸில் வரைந்து ஓட்டினால் முதலில் அது ஆடாமலேயே நிற்கும் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அங்கே இரண்டு பக்கமும் அச்சு அசல் ஒன்று, யார் முதலில் ஆன் ஆவது என்று முடிவு செய்ய ஒரு துளி வித்தியாசமோ இரைச்சலோ கிடையாது. நிஜ போர்டில் அந்தச் சிக்கலே வராது. சரி, ஒரு தொடக்க மின்னழுத்தம் கொடுத்து ஓட்டிவிட்டால் சுமார் 1.5 கிலோஹெர்ட்ஸ் வரும், கைக்கணக்கும் அதையேதான் சொல்லும். போர்டில் ஆசிலோஸ்கோப்பை வைத்தால் 2 கிலோஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் நிற்கும்! காரணம், ஒவ்வொரு முறை மாறும்போதும் பேஸ் மைனஸ் 11 வோல்ட் வரை இறங்கப் பார்க்கிறது, டேட்டாஷீட்டிலோ பேஸுக்கும் எமிட்டர் முனைக்கும் இடையே தலைகீழாக (ரிவர்ஸ்) விழும் மின்னழுத்தத்துக்கு 6 வோல்ட்தான் எல்லை. நிஜ டிரான்சிஸ்டர் ஏழெட்டு வோல்ட்டில் பிரேக்டவுன் ஆகிவிடும், அதாவது தலைகீழாகவே மின்சாரத்தை விட்டுவிடும், கெபாசிட்டர் மீண்டும் சார்ஜ் ஏற வேண்டிய தூரம் குறையும், வேகம் கூடும். ஸ்பைஸின் வழக்கமான டிரான்சிஸ்டர் மாடலில் இந்த பிரேக்டவுன் கிடையாது. அதைவிட மோசம், இப்படியே நாள்பட ஓடினால் டிரான்சிஸ்டரின் கெயின் (பெருக்கும் திறன்) மெல்ல மெல்லக் குறையும், அதையும் எந்த அலைவடிவமும் காட்டாது.

ஸ்பைஸ் 1973-இல் பெர்க்லியில் பிறந்தது ஐசி (சிப்) வடிவமைப்புக்காக. சிலிக்கானுக்குள் இருப்பதை ப்ரெட்போர்டில் கட்டிப் பார்ப்பது சரிப்பட்டு வராது, அதனால் அங்கே அது இல்லாமல் கதியில்லை, மாடல்களையும் அளந்து அளந்து செதுக்குவார்கள். நாம் போர்டு போடுகிறவர்கள். மில்லிமீட்டருக்குச் சுமார் 1 நானோஹென்றி என்று ட்ரேஸுக்கு (போர்டின் செம்புத் தடம்) இருக்கும் இன்டக்டன்ஸை நாமாகப் போட்டால்தான் உண்டு. 10 மைக்ரோஃபாரட் என்று எழுதிய சின்ன செராமிக் கெபாசிட்டர் 12 வோல்ட்டில் பாதிக்கும் கீழே போகலாம், திரையில் அது 10 மைக்ரோவாகவே இருக்கும். அப்புறம் அந்தப் பாழாய்ப்போன 'எம்': மெகா ஓம் என்று நினைத்து 1எம் என்று போட்டால் ஸ்பைஸுக்கு அது மில்லி ஓம்.

இதற்காக சிமுலேஷனே வேண்டாம் என்று சொல்லும் ஆள் நானில்லை. கெயின் 200-லிருந்து 450 வரை மாறினால் பயாஸ் (டிரான்சிஸ்டரின் வேலைப் புள்ளி) எங்கே போகும், 5 சதவீத ரெசிஸ்டர்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் என்னவாகும், இதையெல்லாம் போர்டில் பார்க்க மூட்டை மூட்டையாக உதிரிகள் வேண்டும், சிமுலேட்டரில் ஒரு மதியம் போதும். நான் கேட்பது ஒன்றுதான், ரன் பட்டனை அழுத்தும் முன் என்ன வரும் என்று தாளில் எழுது. மல்டிவைப்ரேட்டரில் கைக்கணக்கும் சேர்ந்து ஏமாற்றியது உண்மைதான், ஆனால் பேஸ் எவ்வளவு இறங்கும் என்று எழுதியவன் டேட்டாஷீட்டைப் புரட்டுவான். போர்டு வேறு மாதிரி சொன்னால் அந்த பிரேக்டவுனை ஒரு டயோடு மாடலாகச் சேர்த்து மறுபடி ஓட்டு, 2 கிலோஹெர்ட்ஸ் அங்கேயும் வரும். அதன் பிறகு எமிட்டரோடு தொடராக ஒரு 1என்4148 டயோடு போட்டால் என்ன மாறும் என்று கேட்டால் அந்தப் பதிலை நம்பலாம்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது திட்டக் கூட்டங்களில்தான். "சிமுலேஷன் பண்ணியாச்சே, ஒரு ப்ரோட்டோ ரவுண்டைக் குறைச்சிடலாமே" என்பார்கள், மாதிரி போர்டு செய்து சோதிக்கும் ஒரு சுற்றை வெட்டச் சொல்லி. அப்போது நான் அலைவடிவத்தைக் காட்டுவதில்லை. மாடலில் இல்லாதவற்றின் பட்டியலை மேசையில் வைத்து, இதில் எதை அளக்காமல் விடலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்று கேட்கிறேன்.