பிரயோஸ் குடும்பத்தின் கடன் கணக்கு

1201 ஜனவரியில் இங்கிலாந்து அரசன் ஜான், அயர்லாந்தில் உள்ள லிமரிக் பிரதேசத்தை வில்லியம் டி பிரயோஸ் என்ற பாரனுக்கு எழுதிக் கொடுத்தான். சும்மா இல்லை. விலை 5,000 மார்க், ஆண்டுக்கு 500 வீதம் கட்ட வேண்டும். ஒரு மார்க் என்றால் பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. ஆக மொத்தம் 3,333 பவுண்டு. ஆண்டுக்கு 20 பவுண்டு வருமானம் இருந்தால் குதிரை, கவசம், வேலையாட்களோடு ஒருவன் கௌரவமாக வாழ முடிந்த காலம் அது.

நான் வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வில்லியமின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும், அவன் மனைவி மட்டில்டா அரசனின் ஆட்களிடம் பேசிய ஒரு பேச்சில்தான் வந்து நிற்கிறார்கள். அவள் வாயை அடக்கியிருந்தால் குடும்பம் தப்பியிருக்கும் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த வீட்டை அழித்தது இந்த 5,000 மார்க்தான். பல வருடம் கண்டுகொள்ளாமல் விட்டுவைத்து, பிறகு ஒரேயடியாகக் கழுத்தைப் பிடித்துக் கேட்ட கடன்.

குடும்பத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இவர்கள் நார்மண்டியில் பிரியூஸ் என்ற ஊர்க்காரர்கள். 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின், முதல் வில்லியமுக்கு சஸ்ஸெக்ஸில் பிராம்பர் கிடைத்தது. அடூர் ஆற்றங்கரை மேட்டில் அவன் கட்டிய கோட்டையில், வாசல் கோபுரத்தின் உயரமான ஒரு சுவர்த் துண்டு இன்றும் நிற்கிறது. அடுத்தடுத்த தலைமுறைகளில் வேல்ஸ் எல்லைப் பக்கம் நகர்ந்தார்கள். நம் வில்லியம் அந்த வரிசையில் நான்காவது தலைமுறை. அவன் தாய் பெர்த்தா, ஹெரிஃபோர்டு பிரபு வீட்டுப் பெண். அவள் வழியாக பிரெக்கன், அபர்கவென்னி எல்லாம் இந்தக் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தன.

வில்லியமை நல்லவன் என்று சொல்ல நான் வரவில்லை. 1175 கிறிஸ்துமஸ் சமயம், வேல்ஸ் தலைவன் செய்சிலையும் அவன் மகனையும் இன்னும் பலரையும் விருந்துக்கு என்று அபர்கவென்னி கோட்டைக்கு அழைத்தார்கள். உள்ளே வந்தவர்களை வெட்டிக் கொன்றார்கள். தன் தாய்மாமன் ஹென்றியை செய்சில் கொன்றதற்கு வில்லியம் வாங்கிய பழி அது என்பார்கள். அதோடு விடவில்லை. ஆட்கள் செய்சிலின் வீட்டுக்கே போய், அங்கிருந்த கடைசி மகன் கட்வாலடர் என்ற சிறுவனையும் தாயின் எதிரிலேயே கொன்றார்கள். அந்தச் சிறுவனை மனதில் வைத்துக்கொண்டுதான் பின்னால் வருவதையும் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சில வருடம் கழித்து வேல்ஸ்காரர்கள் திரும்பி வந்து அபர்கவென்னியைத் தாக்கினார்கள். அவர்கள் எய்த அம்புகள், நான்கு விரல்கிடை தடிமன் உள்ள ஓக் மரக் கதவைத் துளைத்து உள்ளே வந்தனவாம். எழுதியவர் வேல்ஸின் ஜெரால்டு. பிரெக்கனில் திருச்சபைப் பொறுப்பில் இருந்தவர், அதனால் பிரயோஸ் குடும்பத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அவர் காட்டும் வில்லியம் வேறு மாதிரி இருக்கிறான். தெருவில் சிறு பிள்ளைகளைக் கண்டால் தானே வலியப் பேசி, பதிலுக்கு அவர்கள் வாயால் ஆசி வாங்கிக்கொள்வானாம். கடிதம் எழுதினால் வரிக்கு வரி கடவுள் பெயர் வர வேண்டும். படிக்கிறவருக்கே சலிப்பு வரும். அதை மறக்காமல் எழுதும் எழுத்தர்களுக்கு ஆண்டுதோறும் தங்கம் கொடுத்தான். அபர்கவென்னியில் நடந்ததும் இதுவும் ஒரே மனிதனுடையவை. அவன் மனதுக்குள் என்ன இருந்தது என்று என்னால் பிடிக்க முடியவில்லை.

மட்டில்டாவை ஜெரால்டு தாராளமாகப் புகழ்கிறார். கற்புள்ளவள், விவேகமானவள், வீட்டு நிர்வாகத்தில் கெட்டிக்காரி, இருப்பதைக் காக்கவும் பெருக்கவும் தெரிந்தவள் என்று. வேறொரு பழைய வரலாறு அவள் பெருமையாகச் சொன்னதாக ஒன்றைத் தருகிறது. தன்னிடம் 12,000 கறவை மாடுகள் இருக்கின்றன. நூறு பலசாலிகள் ஒரு கோட்டைக்குள் முற்றுகையில் மாட்டினாலும், தன் பாலாடைக்கட்டிகளையே எதிரிமேல் வீசி ஒரு மாதம் தாக்குப்பிடிக்கலாம் என்றாளாம். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். ஆனாலும் மாட்டுக் கொட்டிலில் எத்தனை, கிடங்கில் எவ்வளவு என்று தெரிந்த பெண்ணின் பேச்சு இது. வேல்ஸ் எல்லையில் பெயின்ஸ்காசில் என்ற கோட்டைக்கே மட்டில்டாவின் கோட்டை என்று ஒரு பெயர் இருந்தது. ஹே நகரத்துக் கோட்டையை அவள் ஒரே இரவில், மடியில் கல் சுமந்து கட்டினாள் என்று நாட்டுப்புறக் கதை. மோல் வால்பி என்று அவளை ராட்சசியாகவே ஆக்கிவிட்டார்கள். கட்டும்போது ஒரு கல் செருப்புக்குள் விழுந்து உறுத்தியதாம், எடுத்து வீசினாளாம், அது வை ஆற்றைத் தாண்டி லோவெஸ் தேவாலயத்து வளாகத்தில் போய் விழுந்ததாம். அந்தக் கல் உண்மையில் அவளுக்கு முந்தைய காலத்துச் சிலுவைக் கல். ஆனால் ஊர் ஜனங்கள் ஒருத்தியைப் பற்றி இப்படிக் கதை கட்ட வேண்டுமென்றால், அவள் அந்த நிலத்தில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்திருக்க வேண்டும்!

1199இல் ஜான் பட்டத்துக்கு வந்தான். வில்லியம் ஆரம்பத்திலிருந்தே அவன் பக்கம். ஜானுக்குப் போட்டியாக இருந்தவன் அண்ணன் மகன் ஆர்தர், 1202இல் பதினைந்து வயதுப் பையன். அந்த வருடம் ஆகஸ்ட் 1 அன்று பிரான்சில் மிராபோ என்ற இடத்தில் ஆர்தரைப் பிடித்துக் கொடுத்தது வில்லியம்தான். அடுத்த வருடம் ஏப்ரலில் ரூவான் கோட்டைச் சிறையிலிருந்து ஆர்தர் மறைந்துபோனான். குடிபோதையில் ஜானே தன் கையால் கொன்று, கல்லைக் கட்டி செய்ன் ஆற்றில் எறிந்தான் என்று வேல்ஸின் மார்கம் மடத்து ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. இவ்வளவு விவரம் தெற்கு வேல்ஸில் உள்ள மடத்துக்கு எப்படிப் போனது? வில்லியம் வாய்வழியாகத்தான் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் நினைக்கிறார்கள். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

அப்புறம் வந்த வருடங்களில் வில்லியமுக்கு அள்ளிக் கொடுத்தான் ஜான். 1203இல் கோவர். 1205இல் குரோஸ்மான்ட், ஸ்கென்ஃபிரித், வெள்ளைக் கோட்டை என்று மூன்று கோட்டைகள். லிமரிக் தவணையோ அரைகுறையாகத்தான் கட்டப்பட்டு வந்தது. 1207 வாக்கில் பெரும்பகுதி நிலுவை.

அன்றைய கருவூலம் ஆண்டுதோறும் ஆட்டுத்தோல் சுருள்களில் கணக்கு எழுதியது. யார் எவ்வளவு பாக்கி என்று மாவட்டவாரியாக இருக்கும். கட்டாத கடன் அடுத்த வருடச் சுருளுக்குப் போகும், அங்கிருந்து அடுத்ததற்கு. அரசனுக்குப் பிரியமானவன் என்றால் தள்ளிப்போடுவார்கள், சில சமயம் தள்ளுபடியே செய்வார்கள். அதனால் பெரிய பிரபுக்கள் எல்லாருமே கடனாளிகள். இதில் உள்ள விஷத்தைக் கடன் பிரிவில் இருந்தவர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். வசூலாகாத கடன், கொடுத்தவன் கையில் இருக்கும் மூக்கணாங்கயிறு. கடன் வாங்கியவன் ஒழுங்காகக் கட்டி முடித்துவிட்டால் அவனை இழுக்க எதுவும் இல்லை. ஜான் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தான். வில்லியமைப் பிடிக்காமல் போன அன்று கணக்கு தயாராக இருந்தது.

எதனால் பிடிக்காமல் போனது? ஆர்தர் விஷயம் தெரிந்தவன் என்பதாலா, எல்லையில் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டான் என்பதாலா? இரண்டும் சேர்ந்துதான் என்று நினைக்கிறேன். 1208இல் ஜான் பாக்கியைக் கேட்டான், கூடவே பிள்ளைகளைப் பிணையாக அனுப்பச் சொன்னான். அப்போதுதான் மட்டில்டா அந்தப் பேச்சைப் பேசினாள். செயின்ட் ஆல்பன்ஸ் துறவி ரோஜர் எழுதி வைத்திருக்கிறார்: தன் காவலில் கௌரவமாக வைத்திருக்க வேண்டிய அண்ணன் மகனையே கேவலமாகக் கொன்ற அரசனிடம் என் பிள்ளைகளைக் கொடுக்க மாட்டேன். வில்லியம் அந்த இடத்திலேயே அவளைக் கடிந்துகொண்டான், புத்தியில்லாமல் பேசிவிட்டாய் என்று. அவள் பேசியதில் எந்தச் சொல் பொய்? எல்லாப் பிரபுக்களும் அறையைச் சாத்திக்கொண்டு பேசியதை அவள் முகத்துக்கு நேரே சொன்னாள். பிள்ளை பெற்றவள் வேறு என்ன சொல்வாள்?

ஹே, பிரெக்கன், ராட்னர் கோட்டைகளை வில்லியம் ஈடாகக் கொடுத்தான். பிறகு அவற்றைத் திரும்பப் பிடிக்கப் போய் முடியாமல், லெம்ஸ்டர் ஊரைக் கொளுத்திவிட்டு, குடும்பத்தோடு அயர்லாந்துக்கு ஓடினான். விக்லோவில் வில்லியம் மார்ஷல் அவர்களுக்கு இடம் கொடுத்தார். அதன்பின் மீத் பிரபு வால்டர் டி லேசியிடம் போனார்கள். அவர் இவர்களுடைய மகள் மார்கரெட்டின் கணவர். மருமகன் வீடு.

1210இல் ஜான் படையோடு அயர்லாந்துக்குப் புறப்பட்டான். அதன்பின் நடந்ததைப் பற்றி அவனே ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டிருக்கிறான், பெரிய பிரபுக்களைச் சாட்சியாக வைத்து. நாட்டு வழக்கப்படியும் கருவூலச் சட்டப்படியும்தான் நடந்தேன் என்கிறான். எவனிடமும் காரணம் சொல்லிப் பழகாத அரசன் இப்படி எழுத வேண்டி வந்ததே, நாடு அவனை எப்படிப் பார்த்தது என்பதைக் காட்டுகிறது. வில்லியம் பெம்புரோக்கில் வந்து 40,000 மார்க் தருவதாகச் சொன்னானாம். அதற்கு அரசன் சொன்ன பதில்: முடிவு உன் கையில் இல்லை, அயர்லாந்தில் இருக்கும் உன் மனைவி கையில் இருக்கிறது, எங்களுக்குத் தெரியும். எதிரியின் வாயிலிருந்தே வந்த இந்த ஒரு வரி, மட்டில்டா யார் என்பதை எனக்குச் சொல்லிவிட்டது.

மட்டில்டாவும் மூத்த மகன் வில்லியமும் கடல் தாண்டி ஸ்காட்லாந்துக்கு ஓடும்போது, கேலோவேயில் டங்கன் ஆஃப் கேரிக் பிடித்து அரசனிடம் ஒப்படைத்தான். விடுதலைக்கு 50,000 மார்க் என்று பேசி முடித்தார்கள். 33,333 பவுண்டு. ஜான் பட்டத்துக்கு வந்த புதிதில் இங்கிலாந்து முழுவதிலுமிருந்து ஓராண்டில் அவனுக்கு வந்த வருவாயைவிட அதிகம். லிமரிக் கடனைப்போலப் பத்து மடங்கு. இதை யாரும் கட்ட முடியாது என்று இரு தரப்புக்கும் தெரியும். தவணை நாள் வந்தபோது, தன்னிடம் 24 மார்க் வெள்ளியும் 24 பைசாந்திய நாணயமும் 15 அவுன்ஸ் தங்கமும்தான் இருக்கின்றன என்றாள். இதுவும் அரசனின் கடிதத்தில் இருப்பதுதான். 12,000 மாடுகள் என்று சொன்னவள் அவள்.

தாயையும் மகனையும் பட்டினி போட்டுக் கொன்றார்கள். கோர்ஃப் கோட்டையில் என்று சிலர், வின்ட்ஸரில் என்று சிலர் எழுதுகிறார்கள். ஒரு கட்டு ஓட்ஸ் கதிரும் ஒரு துண்டு பச்சைப் பன்றி இறைச்சியும் வைத்துக் கதவை அடைத்தார்கள், பதினோராம் நாள் திறந்தபோது இருவரும் இறந்து கிடந்தார்கள், தாய் மகனின் மார்பில் சாய்ந்திருந்தாள் என்கிறது அன்றைய பிரெஞ்சு வரலாறு ஒன்று. அதில் இதைவிடக் கொடுமையான விவரமும் உண்டு. அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

வில்லியம் பிச்சைக்காரன் வேடத்தில் ஷோரம் துறைமுகம் வழியாக பிரான்சுக்குத் தப்பினான். 1211 ஆகஸ்டில் இறந்தான். பாரிஸ் செயின்ட் விக்டர் மடத்தில் அவனை அடக்கம் செய்தவர் ஸ்டீஃபன் லாங்டன். ஜான் நாட்டுக்குள் விடாமல் வைத்திருந்த கேன்டர்பரி பேராயர். நான்கு வருடம் கழித்து, அரசனின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த மாக்னா கார்ட்டா சாசனம் உருவானதில் பெரும் பங்கு அவருக்கு உண்டு.

அந்த ஆவணத்தைப் பிரயோஸ் குடும்பத்தை நினைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். 39ஆவது பிரிவை எல்லாரும் சொல்வார்கள்: சமமானவர்களின் தீர்ப்போ நாட்டுச் சட்டமோ இல்லாமல் சுதந்திர மனிதன் எவனையும் சிறையில் அடைக்கவோ அழிக்கவோ கூடாது. நான் 9ஆவது பிரிவில்தான் அதிக நேரம் நிற்பேன். கடன்பட்டவனிடம் கடனை அடைக்கப் போதுமான அசையும் சொத்து இருக்கும்வரை நிலத்தை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது அது. 49ஆவது பிரிவு, பிணையாக வாங்கிய ஆட்களை எல்லாம் அரசன் திருப்பித் தர வேண்டும் என்கிறது. மட்டில்டாவின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் ஜானுக்கு எதிராக நின்றவர்களில் அவள் மகன் ஜைல்ஸும் ஒருவர், ஹெரிஃபோர்டு ஆயர். அவர் அப்பாவின் நிலங்களை மீட்டு, அதே 1215 நவம்பரில் இறந்துபோனார். பிறகு தம்பி ரெஜினால்டு பொறுப்பேற்றான்.

ரெஜினால்டின் மகன் இன்னொரு வில்லியம், வேல்ஸ்காரர்கள் கறுப்பு வில்லியம் என்றார்கள். 1228இல் வேல்ஸ் இளவரசன் லூவெலினிடம் சிறைப்பட்டு, 2,000 பவுண்டு மீட்புப் பணமும், மகள் இசபெல்லாவை லூவெலினின் மகன் டாஃபிட்டுக்குக் கொடுப்பதாக வாக்கும் தந்து வெளியே வந்தான். 1230 ஈஸ்டருக்கு விருந்தாளியாகப் போனவன், லூவெலினின் மனைவி ஜோனோடு அவள் அறையில் பிடிபட்டான். ஜோன் யார்? ஜான் அரசனின் மகள். மே மாதம் அவனை 800 பேருக்கு மேல் பார்க்கத் தூக்கிலிட்டார்கள்.

அவன் மனைவி ஈவா, விக்லோவில் இந்தக் குடும்பத்துக்கு இடம் கொடுத்த அதே மார்ஷலின் மகள். கணவனைத் தூக்கிலிட்ட கையோடு லூவெலின் அவளுக்குக் கடிதம் எழுதினான்: பேசிய கல்யாணம் நடக்கட்டுமா, உங்கள் விருப்பம் என்ன? கல்யாணம் நடந்தது. அவள் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை எந்தக் கடிதமும் சொல்லவில்லை. கையில் நான்கு பெண் குழந்தைகள், ஆண் வாரிசு கிடையாது, பக்கத்து நாட்டில் பலமான பகைவன். வேறு வழி அவளுக்கு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

சொத்து பெண்கள் வழியாகப் பிரிந்தது. பிரெக்கனும் ஹேயும் எலினார் மூலம் போஹன் குடும்பத்துக்கு. அபர்கவென்னி, தாயின் பெயரே கொண்ட ஈவா மூலம் கான்டிலூப் குடும்பத்துக்கு. ராட்னர் மாட் மூலம் மார்டிமர் குடும்பத்துக்கு. மாட் என்பது மட்டில்டாவின் பெயரேதான், கொள்ளுப்பாட்டியின் பெயர். இவளும் லேசுப்பட்டவள் இல்லை. 1265இல் ஈவ்ஷாம் போரில், அரசனை எதிர்த்த பிரபுக்களின் தலைவன் சைமன் டி மான்ட்ஃபோர்ட் கொல்லப்பட்டபோது, அவன் தலையை வெட்டி விக்மோர் கோட்டைக்கு இவளுக்குத்தான் பரிசாக அனுப்பினார்கள். இவளுடைய பேரன் ரோஜர் மார்டிமர், ஜானின் கொள்ளுப்பேரன் இரண்டாம் எட்வர்டை 1327இல் அரியணையிலிருந்து இறக்கியவன். அந்த மார்டிமர் வம்சத்துப் பெண்வழியில் வந்தவன்தான் 1461இல் முடிசூடிய நான்காம் எட்வர்டு.