கைக்கடிகாரம் காட்டும் கலோரியும் கச்சான் காற்றும்

கையில் கட்டியிருக்கும் ட்ரெக்கர் கடிகாரம் கலோரியை அளப்பதில்லை. கையின் அசைவையும் நாடித்துடிப்பையும் அது அளக்கிறது. நாம் முதல் நாள் உள்ளிட்ட வயது, எடை, உயரம், பால் ஆகியவற்றை அவற்றோடு சேர்த்து, நிறுவனம் வெளியிடாத ஒரு சூத்திரத்தில் போட்டு, நள்ளிரவில் '2,612' என்று ஓர் எண்ணைக் காட்டுகிறது. கடைசி இலக்கம் வரை எழுதப்பட்டிருப்பதால் அந்த எண்ணை நாம் நம்பிவிடுகிறோம். திருகோணமலை டச் பே கடற்கரையில் என்னோடு நடக்கும் அண்ணை ஒருவர், "தம்பி, இண்டைக்கு அறுநூறு எரிச்சிட்டன், இனி ரெண்டு ரொட்டி கூடச் சாப்பிடலாம்" என்று கடிகாரத்தைக் காட்டுவார். அந்த இரண்டு ரொட்டிகளைப் பற்றியே இந்தப் பதிவு.

ஒரு நாளில் உடல் செலவிடும் சக்தியின் பெரும்பகுதி நடையிலோ ஓட்டத்திலோ போவதில்லை. அசையாமல் படுத்திருந்தாலும் இதயம், மூளை, ஈரல், சிறுநீரகம் ஆகியவை இயங்கச் செலவாகும் அடிப்படைச் சக்தியே மொத்தத்தில் ஏறக்குறைய 60 முதல் 70 வீதம் வரை இருக்கும், உண்ட உணவைச் செரிக்க 10 வீதமளவு போகும், மீதிதான் உடலுழைப்பு. அடிப்படைச் செலவை மதிப்பிடுவதற்கு 1990இல் வெளியான மிஃப்லின்-செயின்ட் ஜோர் சூத்திரம் பரவலாகப் பயன்படுகிறது. அதன்படி 48 வயதும் 72 கிலோ எடையும் 170 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,548 கிலோகலோரி (கடிகாரம் கலோரி என்று காட்டுவதும் இதுவே) வரும். இதே வகையான ஒரு கணக்குத்தான் கடிகாரத்துக்கும் அடித்தளம். நாம் உறங்கும்போதும் அதில் எண் ஏறிக்கொண்டிருப்பது அதனால்தான்.

இந்தச் சூத்திரங்கள் யாருடைய உடல்களைக் கொண்டு உருவாக்கப்பட்டவை என்பதையும் கவனிக்க வேண்டும். மிஃப்லின் சூத்திரத்துக்கு அமெரிக்கர் 498 பேர் அளக்கப்பட்டனர். அதற்கு முன் 1985இல் ஐக்கிய நாடுகள் அமைப்புகள் ஏற்றுக்கொண்ட ஷோஃபீல்ட் சமன்பாடுகளின் தரவில் ஏறக்குறைய பாதி இத்தாலியருடையது. அந்தச் சமன்பாடுகள் வெப்பமண்டல மக்களுக்கு அடிப்படைச் செலவைக் கூட்டிக் காட்டுகின்றன என்று 1991இல் ஹென்றி, ரீஸ் என்ற ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டி, வேறு சமன்பாடுகளை முன்வைத்தார்கள். ஆகவே நம்மவர் ஒருவர் கடிகாரத்தைக் கட்டிய கணத்திலேயே, ஓரடிகூட எடுத்து வைக்காமல், கணக்கு சற்று மேலே தொடங்கிவிட இடமுண்டு.

அடுத்தது நாடித்துடிப்பு. கடிகாரத்தின் அடியில் மினுங்கும் பச்சை ஒளியைக் குருதி நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் குருதியின் அளவு கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறைகிறது. இந்தப் பகுதியைக் கருவிகள் பெரும்பாலும் நன்றாகவே செய்கின்றன. 2017இல் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் ஏழு கருவிகளை 60 தொண்டர்களுக்குக் கட்டிச் சோதித்தபோது, ஆறு கருவிகளில் நாடித்துடிப்பின் பிழை 5 வீதத்துக்குள் நின்றது. ஆனால் அதே சோதனையில், மூச்சுக்காற்றை அளந்து கணித்த சக்திச் செலவோடு ஒப்பிட்டபோது, மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 வீதம் பிழைத்தது. மிக மோசமானது 93 வீதம் பிழைத்தது. கருமையான தோலுள்ளவர்களிடமும் உடற்பருமன் கூடியவர்களிடமும் கருவிகளின் பிழை அதிகமாக இருந்தது என்பதும் அந்த ஆய்வின் முடிவுகளில் ஒன்று. அதன்பின் கருவிகள் மாறியிருக்கின்றன. துடிப்பிலிருந்து கலோரிக்குத் தாவ வேண்டிய அந்த இடைவெளி மாறவில்லை.

அந்த இடைவெளி திருகோணமலையில் இன்னும் அகலமானது என்பது என் கருத்து. மே முதல் செப்ரெம்பர் வரை, தென்மேற்குக் காற்று மலைநாட்டின் மறுபுறத்தில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறி, கச்சானாக நம்மிடம் வந்து சேர்கிறது. அந்த நாள்களில் உடலைக் குளிர்விப்பதற்காகக் குருதி தோலை நோக்கித் திருப்பப்படுகிறது. வியர்வையால் குருதியின் நீர்ப்பகுதியும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் அளவு குறைவதால், அதே வேலைக்கு அது கூடுதலான தடவை துடிக்க வேண்டியிருக்கிறது. தசைகள் பயன்படுத்தும் ஒட்சிசனோ அந்த அளவுக்கு உயர்வதில்லை. உட்துறைமுக வீதியில் மார்கழி மழை விட்ட காலையில் நடந்த அதே தூரத்தை, அதே வேகத்தில், ஆடி மாதத்தில் காலை ஒன்பது மணிக்கு நடந்தால் கடிகாரம் கலோரியைக் கூட்டிக் காட்டும். அந்தக் கூடுதலின் பெரும்பகுதி வெயிலின் கணக்கு. வியர்வையில் போனது தண்ணீர். இரண்டு கோப்பை குடித்தால் திரும்பி வந்துவிடும். கடுந்தேநீர், காய்ச்சல், கோபம் ஆகியவையும் இதே விதமாகத் துடிப்பை ஏற்றக்கூடியவை.

மறுபக்கமும் உண்டு. இரத்த அழுத்தத்துக்கு அற்றெனலோல், பிசொப்ரொலோல் போன்ற மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு இதயத்துடிப்பு அடக்கப்பட்டே இருக்கும். அவர்கள் மூச்சிரைக்க ஏறினாலும் கடிகாரம் அதை உலாவலாக எடுத்துக்கொள்ளலாம். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கரைவலை இழுப்பவர்களைப் பாருங்கள். மணலில் குதிகாலை ஊன்றி, உடலைப் பின்னே சாய்த்து, கயிற்றை இறுகப் பற்றியபடி அங்குலம் அங்குலமாக நகர்வார்கள். கை வீச்சு இல்லை, காலடிகள் மிகக் குறைவு, இறுகிய பிடியால் மணிக்கட்டுச் சமிக்ஞையும் குழம்பும். இத்தனை கடுமையான உழைப்பை, திருவலையில் தேங்காய் திருவுவதைச் சில வேளை காலடியாக எண்ணிவிடும் அந்தக் கருவி பொருட்படுத்தாமல் விடக்கூடும். கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை ஏறும்போதும் இப்படித்தான்: உயரத்தை உணரும் அழுத்தமானி இல்லாத கருவிக்கு ஏற்றமும் சமதரையும் ஒன்றே, கையில் குடை பிடித்திருந்தால் காலடிகள்கூடத் தவறும்.

இனி அண்ணையின் ரொட்டிக்கு வருவோம். மேற்சொன்ன 72 கிலோ மனிதர் ஒரு மணிநேரம் விரைவாக நடந்தால், வழக்கமான அட்டவணைக் கணக்கின்படி ஏறக்குறைய 310 கிலோகலோரி செலவாகும். ஆனால் அந்த ஒரு மணிநேரம் அவர் வீட்டில் சும்மா இருந்திருந்தாலும் 64 கிலோகலோரி போயிருக்கும். நடையால் கிடைத்த உண்மையான இலாபம் 245 அளவே. சில செயலிகள் 310ஐ முழுதாக அன்றைய உணவு வரம்பில் கூட்டிவிடுகின்றன. அடிப்படைச் செலவு இரண்டு முறை எண்ணப்படுகிறது. அதன்மேல் வெயிலின் பங்கும் சூத்திரத்தின் பங்கும் ஏறினால், 600 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். உணவுப் பக்கத்தில் தாராளத்துக்கு இடமில்லை: 100 கிராம் தேங்காய்ப்பூவில் ஏறக்குறைய 350 கிலோகலோரி இருக்கிறது, நம் ரொட்டியிலும் பிட்டிலும் சம்பலிலும் அது எவ்வளவு விழுகிறது என்பதை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை.

கடிகாரத்தைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. அதே ஆள், அதே கருவி, அதே காலநிலை என்றால் ஒரு வாரத்தை இன்னொரு வாரத்தோடு ஒப்பிட அது போதுமானது. அதன் எண்ணை உணவோடு பொருத்த விரும்புபவர்கள் முதலில் அதைத் தங்கள் உடலுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். நான்கு வாரங்கள் உண்பதை இயன்றவரை நிறுத்து எழுதுங்கள். காலையில் கழிப்பறைக்குப் போனபின், உண்பதற்கு முன் எடையைப் பார்த்து, வாரச் சராசரியை எடுங்கள். ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கிலோகலோரி என்பது வழமையான கணக்கு. நாளுக்குச் சராசரியாக 2,000 உண்டு, 28 நாளில் ஒரு கிலோ குறைந்திருந்தால், நாளொன்றுக்கு 275 உடலிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது; உண்மையான செலவு 2,275 அளவில் இருக்க வேண்டும். கடிகாரம் 2,600 காட்டியிருந்தால், இனி அது காட்டும் எதையும் 0.875ஆல் பெருக்கிக்கொள்ளலாம். எழுதாமல் விட்ட வடையும் தேநீர்ச் சீனியும் இந்தக் கணக்கையும் கெடுக்கும் என்பதால், நேர்மையாக எழுத இயலாதவர்கள் இதில் இறங்காமல் எடைச் சராசரியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது மேல்.

கருவியை மாற்றினாலோ எடை பல கிலோ மாறினாலோ அந்தப் பெருக்கெண்ணை மீண்டும் கணிக்க வேண்டும். கச்சான் காலத்தில் எடுத்ததை மாரிக்குப் பயன்படுத்தக் கூடாது. இன்சுலின் போடுபவர்களும் நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களும் கடிகாரத்தின் எண்ணை வைத்து உணவையோ மருந்தளவையோ தாங்களாக மாற்றாமல், வைத்தியரிடம் கேட்டே செய்ய வேண்டும்.