வெளிநாட்டுப் பயணி சாப்பிட்ட தோசை எந்தக் கணக்கில் வரும்?

குடிமைப்பணித் தேர்வு, நெட் தேர்வு என்று பொருளாதாரம் படிக்கிறவர்களில் பலர் அயல்நாட்டுச் செலுத்துநிலை, அதாவது ஒரு நாட்டுக்கும் மற்ற நாடுகளுக்கும் இடையிலான வரவு செலவுக் கணக்கு, என்ற பாடத்தைக் கண்டாலே மிரள்கிறார்கள். அவ்வளவு பயம் தேவையே இல்லை. அதில் 'பயணம்' என்ற ஒரே ஒரு தலைப்பை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டால் மீதிப் பாடம் தானாகப் புரியும், எனக்கு அப்படித்தான் புரிந்தது.

ஏற்றுமதி என்றதும் மனசு கப்பலுக்கும் கன்டெய்னருக்கும் போய்விடுகிறது. சரக்கு எல்லை தாண்டியதா என்று பார்க்காதீர்கள், காசு கொடுத்தவர் எந்த நாட்டில் குடியிருப்பவர் என்று பாருங்கள். பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் புதுச்சேரி மிஷன் வீதியில் ஒரு தோசை சாப்பிட்டால், தோசை ஊரை விட்டு நகரவே இல்லை, ஆனாலும் அது இந்தியாவின் சேவை ஏற்றுமதி. பக்கத்து மேசையில் பெங்களூரிலிருந்து சனி ஞாயிறுக்கு வந்த குடும்பம் அதே தோசைக்கு அதே விலை கொடுக்கும், அது இந்தக் கணக்குப் பக்கமே வராது.

நாங்கள் சில பேர் சாயங்காலம் ரோமன் ரோலன் நூலகத்திலிருந்து கடற்கரை வரை நடந்துகொண்டே, கண்ணில் படுகிற ஒவ்வொரு செலவையும் எந்தத் தலைப்பில் போடுவது என்று வாதாடுவோம். புத்தகத்தில் பத்து முறை வாசித்தும் நிற்காதது இதில் நின்றது. ஆரோவில் ஊதுபத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பயணி தன் வீட்டுக்கென்று நாலு பாக்கெட் வாங்கிப் பையில் போட்டால் பயண வரவு, அதே ஊதுபத்தி வெளிநாட்டுக் கடைக்காரருக்குப் பெட்டி பெட்டியாகப் போனால் சரக்கு ஏற்றுமதி. அவர் வந்த விமான டிக்கெட் பயணத்தில் சேராது, போக்குவரத்தில் சேரும், அதுவும் ஏர் இந்தியாவில் வந்திருந்தால்தான் நமக்கு வரவு, ஏர் பிரான்ஸ் என்றால் அந்தக் காசு நம் கணக்குக்கு வராது.

சரி, ஆரோவில்லிலேயே வருஷக்கணக்கில் வாழ்கிற வெளிநாட்டவர்? ஒரு வருஷமோ அதற்கு மேலோ இங்கேயே வாழ்கிறவர் குடியிருப்பவர் ஆகிவிடுகிறார், பாஸ்போர்ட் எந்த நாடு என்பது முக்கியமில்லை. தேர்வில் மடக்குவதற்கு வாகான இடம் இதற்கு அடுத்தது: படிக்க வந்த மாணவரும் சிகிச்சைக்கு வந்த நோயாளியும் ஒரு வருஷம் தாண்டினாலும் பயணிதான். அதனால் வேலூருக்கு வைத்தியத்துக்கு வரும் வங்கதேசத்துக்காரர் கட்டும் பில் நமக்கு வரவு, கடலூரிலிருந்து ஜெர்மனிக்குப் படிக்கப் போன பையன் அங்கே கொடுக்கும் வாடகை நமக்குச் செலவு. புதுச்சேரி சொல்தாக்களுக்கு, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு, பிரான்சிலிருந்து வரும் பென்ஷனும் அந்நியச் செலாவணிதான், ஆனால் அவர்கள் இங்கே குடியிருப்பவர்கள் என்பதால் அது பயணத்தில் வராது.

செலுத்துநிலையின் ஒரு பிரிவான நடப்புக் கணக்கில் எவை அடங்கும் என்று 2014 குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வில் கேட்டார்கள். வாணிப நிலையும் (சரக்கு ஏற்றுமதி, இறக்குமதி) கண்ணுக்குப் புலப்படாத இனங்களின் நிலையும் (சேவைகள் போன்றவை) என்பது விடை, நம் தோசை அந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

விரிவாக எழுதும் தாளுக்கு இது போதாது. பயணி கொண்டுவந்த பணம் முழுவதும் இங்கேயே தங்கிவிடுவதில்லை, அவர் குடிக்கும் பிரெஞ்சு ஒயினுக்காக ஒரு பங்கு இறக்குமதிச் செலவாகத் திரும்பிப் போகிறது. அதோடு நம் ஆட்கள் வெளிநாட்டில் செய்யும் செலவையும் கழித்துப் பாருங்கள். 2019-ல் இந்தியாவுக்கு ஏறத்தாழ 1 கோடியே 9 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள், சுமார் 3,000 கோடி டாலர் வந்தது. பெரிய தொகைதான், ஆனாலும் சரக்கு வாணிபத்தில் விழும் பள்ளத்தை நிரப்புவதில் மென்பொருள் சேவைகள்தான் முன்னால் நிற்கின்றன.

சுற்றுலா வரவு சரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் கேட்டால் நான் எழுதுவது இலங்கை. 2018-ல் சுற்றுலாவால் அந்தச் சின்ன நாட்டுக்கு 400 கோடி டாலருக்கு மேல் வந்தது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அதன் பின்னாலேயே கொரோனா, 2021-ல் வந்தது 50 கோடி அளவுதான். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். இதற்குச் சுற்றுலா ஒன்றே காரணம் என்று எழுதிவிடாதீர்கள், 2019 வரிக்குறைப்பையும் ஏற்கெனவே சேர்ந்திருந்த கடன் சுமையையும் கூடவே சொல்லுங்கள். அப்புறம் ரிசர்வ் வங்கி காலாண்டுதோறும் வெளியிடும் செலுத்துநிலை அட்டவணையைத் திறந்து, சேவைகள் தலைப்பின் கீழ் 'பயணம்' வரியில் வரவு, செலவு, நிகரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.