தேயிலைச் செடிகளுக்கு நடுவே யாரும் ஓட முடியாது

ஞாயிற்றுக்கிழமை மதியம் சோறு சாப்பிட்டதும் நானும் அம்மாவும் படம் பார்க்க உட்காருவோம். இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு மேலே, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் தொங்கல் காம்பரா, அதாவது கடைசி அறை, எங்களுடையது. மழை தகரத்தில் அடித்தால் டிவி சத்தம் கேட்காது. அப்போது வசனத்தை அம்மாவின் காதருகே போய் நான்தான் சொல்வேன். அம்மா 31 வருஷம் கொழுந்து எடுத்தவர். அவரோடு பார்த்துப் பார்த்து, படங்களைப் பற்றிய என் அபிப்பிராயமும் கொஞ்சம் அவருடையதாகிவிட்டது.

காதல் படங்களில் வரும் தேயிலைக்காட்டுப் பாட்டை அம்மாவால் பொறுக்கவே முடியாது. கதாநாயகி மெல்லிய சேலையில் செடிகளுக்கு நடுவே ஓடி வருவாள். "எங்க ஓடுறா இவ? வாது கால கிழிச்சிடாதா?" என்பார். உண்மைதான். கவாத்து வெட்டி வளர்த்த செடியின் வாது, அதாவது கிளை, விறகு மாதிரி இருக்கும், நிரைக்கு நிரை ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும். அதனால்தான் எங்கள் பெண்கள் இடுப்பில் படங்கு என்கிற தடித்த சாக்கைக் கட்டிக்கொண்டு மலைக்குள் இறங்குகிறார்கள். பாட்டு இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் என் கண் ஆடுகிறவர்களுக்குப் பின்னால் போய்விடும். கொழுந்து இப்படி முற்றிக் கிடக்கிறதே, இந்த மலையை ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று யோசிப்பேன்.

பேய்ப்படம் எனக்குப் பயம். 'பீட்சா'வை (2012) போர்வைக்குள் இருந்துதான் பார்த்தேன். ஆளில்லாத பங்களா, கையில் ஒரு டார்ச், அவ்வளவுதான். இருந்தும் எப்படிப் பயமுறுத்திவிட்டார்கள்! அம்மா அசையவே இல்லை. விடியுமுன் பனிக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய், தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடியவர் அவர்.

பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளைக் கடத்திக் கொல்கிறவனைப் பற்றிய 'ராட்சசன்' (2018) நன்றாக எடுத்த படம். அதனால்தான் பாதியில் நிறுத்தினேன். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் தேயிலைக்குள்ளால் தனியாக நடந்துதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். மறுநாள் காலை பக்கத்துக் காம்பராப் பிள்ளையோடு ரோடு வரைக்கும் நானும் நடந்தேன்.

பாலாவின் 'பரதேசி'யை (2013) ஒரே மூச்சில் பார்க்க எங்களால் முடியவில்லை, இரண்டு ஞாயிறு ஆனது. ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் எழுதிய நாவலிலிருந்து எடுத்த கதை. தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி ஆசை காட்டி ஊரையே நடத்திக் கூட்டிப்போகிறான். வழியில் விழுந்த ஒருவரை உயிரோடு விட்டுவிட்டுக் கூட்டம் நகரும். அந்த இடத்தில் அம்மா, "மன்னார்லருந்து மாத்தளைக்கு நடந்தவங்களயும் இப்பிடித்தான் விட்டுட்டு வந்தாங்கன்னு அம்மாயி சொல்லும்" என்றார். தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்த எங்கள் முன்னோர் நடந்த வழி அது. அதற்குமேல் அம்மா பேசவில்லை. படத்தில் ஒரு டாக்டர் வந்து ஆடிப்பாடுகிற பாட்டு மட்டும் எனக்குக் கொஞ்சமும் ஒட்டவில்லை. அவ்வளவு நேரம் சேர்ந்திருந்த கனத்தை அது கலைத்துவிட்டது. ஆனால் கடைசியில், பெண்டாட்டியும் பிள்ளையும் அதே தோட்டத்துக்கு வந்து நிற்பதைப் பார்த்து கதாநாயகன் கதறுகிற கதறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய படம் லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018). யாரும் கத்தவில்லை, அழவைக்க முயலவில்லை. ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமிக்கு ஒரு துண்டு நிலம் வேண்டும், அவ்வளவுதான் கதை. கடைசியில் தன்னுடையதாக இருந்த அந்த மண்ணிலேயே காற்றாலைக்குக் காவலாளியாக நிற்பான். இருநூறு வருஷமாக இந்த மண்ணில் வேலை செய்தும், இருக்கிற காம்பராவுக்கே உறுதிப் பத்திரம் இல்லாத எங்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. மூட்டை இறங்கும் காட்சிகளில் அம்மா தன் தோளைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் 'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025). இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் எரிவாயு வரிசையிலும் மண்ணெண்ணெய் வரிசையிலும் 2022இல் நின்றவள் நான். படத்தில் வரும் இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஏன் தமிழ்நாட்டுக்குப் படகேறியது என்று எனக்குத் தெரியும். நன்றாகச் சிரித்தோம், அழுதோம். ஒரு குறைதான். பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்று அவர்களை வாயை மூடி இருக்கச் சொல்கிறார்கள். 'தெனாலி' காலத்திலிருந்தே திரையில் இலங்கைத் தமிழர் என்றால் யாழ்ப்பாணப் பேச்சுத்தான். எங்கள் பேச்சோடு சென்னையில் இறங்கினால் மதுரைப் பக்கமா, திருச்சிப் பக்கமா என்றுதான் கேட்பார்கள். எங்களுக்கும் ஒரு கதை இருக்கிறது. அதை யாராவது எடுக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

ஒருவர் எடுத்தும் இருக்கிறார். தொழிற்சங்கவாதி வி.பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று', 1975இல் வந்தது. அம்மாவுக்கு அப்போது 13 வயது, தாத்தா டவுனுக்குக் கூட்டிப்போய்க் காட்டினாராம். கதை அம்மாவுக்கு மறந்துவிட்டது. "நம்ம மலைய அவ்ளோ பெருசா பார்த்தேன்" என்று மட்டும் சொல்வார். யாரிடமாவது அதன் பிரதி இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அம்மாவுக்கு ஒரு ஞாயிறு போட்டுக் காட்ட வேண்டும்.