மஞ்சள் கறுப்புத் தட்டு: டிஜிட்டலாக்கும் நாட்குறிப்பு

2024 ஜூன் 8, சனி

கணினிக்கு மாற்ற மேசையில் காத்திருக்கும் வினைல் இசைத்தட்டு, மஞ்சள் கறுப்புப் பட்டை உடைக்குப் பேர்போன கிறிஸ்தவ மெட்டல் குழு ஸ்ட்ரைப்பரின் முதல் வெளியீடு, ‘தி யெல்லோ அண்ட் பிளாக் அட்டாக்’. கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டிக்காரர்கள், ராக்ஸ் ரெஜீம் என்ற பழைய பெயரை உதறிவிட்டு 1984இல் எனிக்மா நிறுவனத்தில் போட்டது. இது ஆல்பமா, இ.பி.யா (ஆல்பத்தைவிடக் குறைந்த பாட்டுகள் கொண்ட தட்டு) என்ற சண்டை ஓய்வதில்லை. கறாராகப் பார்த்தால் இ.பி.தான். முழுநீள ஆல்பம் அடுத்த ஆண்டு வந்த ‘சோல்ஜர்ஸ் அண்டர் கமாண்ட்’.

பழைய தட்டு வாங்குவோர் முதலில் பாட்டை எண்ணவும். ஆறு என்றால் 1984 பதிப்பு. எட்டு என்றால் 1986 மறுபதிப்பு. ‘ரீசன் ஃபார் த சீசன்’, ‘மை லவ் ஐ’ல் ஆல்வேஸ் ஷோ’ இரண்டும் அதில் சேர்ந்தவை. அட்டையை நம்ப வேண்டாம், உள்ளே வேறு தட்டு இருப்பது பழைய சரக்கில் சகஜம். லேபிளைச் சுற்றிய பாட்டில்லாத வளையத்தில் கீறியுள்ள எண்ணையும் எழுதிவைக்கவும்.

ஜூன் 9, ஞாயிறு

கழுவல். டிஸ்டில்டு வாட்டர் 800 மில்லி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 200 மில்லி, ஃபிலிம் கழுவப் பயன்படும் வெட்டிங் ஏஜென்ட் இரண்டு சொட்டு. அதற்குமேல் விட்டால் அதுவே குரூவில் (ஊசி ஓடும் பள்ளத்தில்) படிந்து ஊசியில் பஞ்சாகத் திரளும். தண்ணீர் பேட்டரிக் கடையில் கிடைக்கும். பக்கத்திலேயே ஆசிட் கேனும் இருக்கும், பார்த்து எடுக்கவும். போர்வெல் தண்ணீர் கூடவே கூடாது. காய்ந்தபின் உப்பு குரூவுக்குள் தங்கி, கழுவுமுன் இருந்ததைவிட அதிகமாகப் பொரியும்.

பிரஷ்ஷை வட்டப் போக்கிலேயே ஓட்டவும், லேபிள் நனையக் கூடாது. இரண்டாம் முறை வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிழலில் நிமிர்த்திக் காயவிடவும். மொட்டைமாடி வெயிலில் வைத்தால் தட்டு அப்பளம்தான். வீட்டில் 78 சுழற்சித் தட்டுகள் இருந்தால் இந்தக் கலவை அவற்றுக்கு ஆகாது: அவை அரக்கால் ஆனவை, ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும்.

ஜூன் 12, புதன்

வேகம். பலர் தொடாமலே விடும் இடம் இதுதான்.

அமெரிக்காவிலிருந்து வந்த பெல்ட் டர்ன்டேபிளில் ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் (கரண்டின் ஹெர்ட்ஸுக்கு ஏற்ப வேகம் மாறும் மோட்டார்) இருந்தால், அது 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும்: நிமிடத்துக்கு 33⅓க்குப் பதில் 27.8. பத்து நிமிடப் பக்கம் பன்னிரண்டு நிமிடம் ஓடும். சுருதி மூன்று செமிடோனுக்குச் சற்று மேலாக இறங்கும். பாடகர் மைக்கேல் ஸ்வீட்டின் உச்சக் குரல் பக்கத்து வீட்டு அண்ணன் பாடுவதுபோல ஆகிவிடும். பாட்டை முன்பின் கேட்டிராதவருக்கு அது தப்பென்றே தோன்றாது, ‘நிதானமான மெட்டல்’ என்று நினைத்துக்கொள்வார்.

ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இதைச் சரிசெய்யாது. அது வோல்ட்டைத்தான் இறக்கும், ஹெர்ட்ஸை ஏற்றாது. மோட்டார் தண்டில் 20 சதவீதம் பெரிய புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) போடவேண்டும். கணினியில் 1.2 மடங்கு வேகப்படுத்தினால் சுருதி நேராகும். ஆனால் பிரீஆம்ப் (ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பெட்டி) தன் ஆர்.ஐ.ஏ.ஏ. சமன்பாட்டை, அதாவது தட்டு வெட்டும்போது குறைத்த தாழ்வொலியையும் கூட்டிய உச்ச ஒலியையும் நேராக்கும் திருத்தத்தை, தவறான வேகத்திலேயே போட்டு முடித்திருக்கும், ஒலியின் நிறம் கொஞ்சம் பிசகியே நிற்கும். குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவுக்கும் டிசி மோட்டாருக்கும் இந்தத் தொல்லை இல்லை.

ஸ்ட்ரோப் தாளிலும் (சுழலும்போது விளக்கொளியில் கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி என்று காட்டும் தாள்) இதே பொறி உண்டு. 33⅓க்கு 50 ஹெர்ட்ஸ் வளையத்தில் 180 கோடு, 60 ஹெர்ட்ஸ் வளையத்தில் 216. நமக்கு 180. பல எல்.இ.டி. பல்புகள் அதற்கு வேண்டிய அளவு துடிப்பதில்லை; பழைய குண்டு பல்பைப் போடவும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது அளக்க வேண்டாம். இன்னும் நுணுக்கம் வேண்டுமென்றால் 3150 ஹெர்ட்ஸ் சோதனைத் தட்டு. மீட்டர் 3166 காட்டினால் வேகம் அரை சதவீதம் கூடுதல்.

ஜூன் 15, சனி

ஊசி. இங்கே இருப்பது ஆடியோ டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி அதன் அசைவைச் சிக்னலாக்கும் பாகம்), தட்டின்மேல் ஊசி அழுத்தும் கனம் 2.0 கிராம். குறைத்து வைத்தால் தட்டு தேயாது என்பது தப்பு நம்பிக்கை. கனம் போதாத ஊசி குரூவின் சுவரை விட்டுத் துள்ளித் திரும்ப மோதும், அந்தக் காயம் மாறாது.

இரட்டைக் கிடார் கீச்சிட்டு, ‘ஸ’ எல்லாம் சீறினால் பழியை உடனே பதிவின்மேல் போடாதீர்கள். இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு 100 முதல் 200 பிகோஃபாரட் லோடு (வயரும் பிரீஆம்பும் சேர்ந்த கெப்பாசிட்டன்ஸ்) போதும். பிரீஆம்பில் 150, வயரில் இன்னொரு 150 என்று சேர்ந்தால் 300 ஆகி, மேல் ஸ்வரங்களில் ஒரு மேடு எழும்பும். ஸ்ட்ரைப்பர் போலக் குரலும் கிடாரும் மேல்தளத்திலேயே குடியிருக்கும் இசையில் அந்த மேடு காதைக் குத்தும். குட்டையான வயர் மாற்றியதும் அடங்கியது.

கார்ட்ரிட்ஜின் கோணம் பார்க்கும் அலைன்மென்ட் தாளில், தட்டின் மையத்திலிருந்து 66.0, 120.9 மில்லிமீட்டர் என இரு புள்ளி, இரண்டிலும் கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு நேராக நிற்கவேண்டும். இல்லையேல் உள்பக்கப் பாட்டில் சீறல் கூடும். வெளி விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடும் குரூவ், லேபிள் அருகே 21தான். அதே ஒலி பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கியடித்துக் கிடக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

பதிவு: 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், நிமிடத்துக்கு ஏறக்குறைய 35 எம்.பி. முதல் பாட்டு ‘லவுட் அண்ட் கிளியர்’ பெயருக்கேற்ற சத்தம், அதை வைத்தே லெவல் பார்த்து உச்சம் மைனஸ் 6 டெசிபலில் நிறுத்தியாயிற்று. ‘ம்ம்’ என்ற இரைச்சல் வந்தது. எர்த் வயர் சரியாகவே இருந்தது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் போய்விட்டது.

ஜூன் 22, சனி

பொரிச்சல் நீக்கம். ஒலி திருத்தும் மென்பொருளான ஆடாசிட்டியின் கிளிக் ரிமூவல், த்ரெஷோல்டு (எவ்வளவு பெரிய துள்ளலைக் கிளிக்காகக் கொள்வது என்ற அளவு) 200, கிளிக்கின் அகலம் 20 என்ற எண்களோடு திறக்கும். முழுப் பக்கத்துக்கும் போட்டால் ஸ்னேர் டிரம் அடியின் முனை மழுங்கும். மென்பொருளுக்கு கிளிக்கும் குச்சி அடியும் ஒரே வடிவம்தான். குழுவின் டிரம்மர் ராபர்ட் ஸ்வீட் மேடையில் டிரம்ஸைப் பக்கவாட்டில் திருப்பிப்போட்டு உட்கார்வதே ஒவ்வொரு அடியும் தெரியவேண்டும் என்றுதான், அதை நாம் மழுக்குவானேன்.

சோதனை எளிது: துப்புரவு செய்த பிரதியின் அலைவடிவை மேல்கீழாகப் புரட்டி (இன்வெர்ட்) மூலத்தோடு கலக்கவும். மிச்சமாகக் கேட்பதுதான் நீக்கப்பட்டது. அதில் வெறும் ‘டிக் டிக்’ என்றால் சரி. தாளம் கேட்டால் த்ரெஷோல்டை ஏற்றவும். இங்கே 350இல் தாளம் மறைந்தது. மிஞ்சிய ஒன்பது கிளிக்குகள் கையால். நாய்ஸ் ரிடக்‌ஷன் தொடவில்லை, சிம்பலில் தண்ணீருக்குள் மணியடிக்கும் சத்தம் வரும்.

இரு பக்கத்துக்கும் ஒரே அளவு ஏற்றி உச்சம் மைனஸ் 1 டெசிபல். ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய ஒலி) கோப்பின் குறிப்புக் கட்டத்தில் பதிப்பு, ஊசி, கனம், வேகம், லோடு. கூடவே ஏசாயா 53:5. குழுவின் பெயரே அந்த வசனத்திலிருந்து வந்தது. பழைய ஆங்கில (கிங் ஜேம்ஸ்) வேதாகமத்தில் அங்கே நிற்கும் ‘ஸ்ட்ரைப்ஸ்’ சாட்டைத் தழும்புக்கும் ஆடையின் பட்டைக்கும் பொதுச்சொல். நம் வேதாகமத்தின் ‘அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்’ என்பதில் மஞ்சள் கறுப்புப் பட்டை தென்படாது.

தட்டு புது உள்ளுறையில், நிமிர்த்தி வைத்தாயிற்று. பழைய காகித உறையில் பூஞ்சை, வெளியே எறிந்தாயிற்று.