யோகா பாயில் பாதி இடம் ஜிம்மிக்கு

நாயோடு யோகா செய்வதாக நெட்டில் வரும் படங்களில் நாய் பொம்மை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும், இல்லையென்றால் யாராவது அதன் முன்னங்கால்களைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கி வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டு நிலவரம் வேறு. பாயை விரிக்கிற சத்தம் கேட்டாலே ஜிம்மி எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வந்து சரியாக நடுவில் படுத்துக்கொள்வான், அவனை நகர்த்துவதிலேயே எனக்கு வார்ம்-அப் முடிந்துவிடும்.

நாய்க்கு யோகா கற்றுத்தர வேண்டிய அவசியமே கிடையாது என்பது என் கட்சி. அது தூங்கி எழுந்ததும் முன்னங்காலை நீட்டி, முதுகை வளைத்து, அப்புறம் பின்னங்காலை ஒவ்வொன்றாக இழுத்துச் சோம்பல் முறிக்கிறதே, அதைவிட ஒழுங்காக நம்மில் யாரும் காலையில் உடம்பை நீட்டுவதில்லை. அறையில் அது இருக்கட்டும், பிடித்தால் பக்கத்தில் வரட்டும், சலித்தால் எழுந்து போகட்டும். மாற்றிக்கொள்ள வேண்டியது எல்லாம் நம் பக்கம்தான்.

முதலில், அது ஏன் மேலே வந்து விழுகிறது என்று புரிந்துகொண்டால் கோபம் வராது. எப்போதும் நின்றுகொண்டே இருக்கிற ஆள் திடீரென்று தரைக்கு இறங்கி வந்தால் நாய்க்கு அது விளையாடக் கூப்பிடுவது மாதிரிதான் தெரியும். அதிலும் அதோமுக ஸ்வானாசனத்தில் கையை ஊன்றி இடுப்பை மேலே தூக்குகிறோம் இல்லையா, நாய்கள் ஒன்றையொன்று விளையாட அழைக்கும்போது முன்னுடலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி நிற்பதும் ஏறக்குறைய அதே நிலைதான். நாமே அழைப்பு விடுத்துவிட்டு "சும்மா இருடா" என்று திட்டினால் அது என்ன செய்யும்? போதாததற்கு வியர்வையின் உப்பு வேறு, முகம் கைக்கெட்டும் தூரத்தில் வந்தால் நக்காமல் விடாது.

ஆசனங்களில் சிலது நாயோடு ஒத்துப்போகும், சிலது போகாது. உட்கார்ந்து செய்கிற பத்மாசனம், பட்டாம்பூச்சி ஆசனம், படுத்துச் செய்கிற முறுக்கல்கள் எல்லாம் பிரச்சினை இல்லை, மடியில் தலை வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும். விருட்சாசனம் மாதிரி ஒற்றைக்காலில் நிற்பவற்றைச் சுவர் ஓரமாகச் செய்வது நல்லது, வாலை ஆட்டிக்கொண்டே காலில் ஒரு இடி இடித்தால் போதும், மரம் சாய்ந்துவிடும். சூரிய நமஸ்காரத்தில் கீழே இறங்கும் முன் வயிற்றுக்கு அடியில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கவேண்டும், குறிப்பாகச் சின்ன நாய் என்றால். ஆனால் தலையில் நிற்கிற சிரசாசனமும் தோளில் நிற்கிற சர்வாங்காசனமும் நாய் அவிழ்ந்து திரிகிற அறையில் கூடவே கூடாது. உடம்பின் பாரம் கழுத்துப் பக்கம் இருக்கும்போது ஒரு இருபது கிலோ அன்பு ஓடிவந்து மோதினால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள். கதவைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள், இல்லை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

மூச்சுப் பயிற்சியில்தான் நிஜமான வேடிக்கை. பிரமரியில் வண்டு மாதிரி ரீங்காரம் போட்டால் ஜிம்மி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அப்படியே கேட்பான், மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளுகிற கபாலபாதிக்குத் தும்மலாகப் பதில் சொல்வான். சிம்மாசனம் மட்டும் அவனுக்கு ஆகாது. கண்ணை உருட்டி, நாக்கை வெளியே நீட்டி, கர்ஜித்தால் நாயின் கணக்கில் அது மிரட்டல், குரைக்கத் தொடங்கிவிடும். ஆனால் பழகிய ஆள் இயல்பாகப் பார்ப்பது வேறு விஷயம். 2015-இல் ஜப்பான் ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரைப்படி, நாயும் அதை வளர்ப்பவரும் நெடுநேரம் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டபோது இருவருக்குமே பாசத்தோடு தொடர்புள்ள ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடியிருந்தது.

இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் நாய் கொஞ்சம் களைத்திருக்கவேண்டும். நன்றாக நடக்கவிட்டு, வெளிக்கு எல்லாம் போய்வந்த பிறகு பாயை விரித்தால் பாதிப் போராட்டம் இல்லை. அதற்கென்று ஒரு பழைய போர்வையைப் பாய் பக்கத்திலேயே போட்டு, அதில் படுத்திருக்கும்போது மட்டும் அவ்வப்போது ஒரு துண்டு தின்பண்டத்தை எதுவும் பேசாமல் போடுங்கள். எழுந்து நம் மேல் ஏறினால் ஒன்றும் கிடையாது. ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் போதும், முழுப் பயிற்சியையும் முதல் நாளே அது பொறுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அந்தத் தூக்கிப் பிடிக்கிற படங்களுக்கு வருகிறேன். நாய் தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, சாப்பாடு எதுவும் இல்லாமல் உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, இவையெல்லாம் "எனக்குப் பிடிக்கவில்லை" என்று அது சொல்கிற விதம். அந்தப் படங்களை இனிமேல் பார்க்கும்போது நாயின் முகத்தை மட்டும் பாருங்கள், நிறைய தெரியும். டாக்ஸ்ஹண்ட் மாதிரி நீள முதுகு உள்ளவற்றுக்கு முதுகெலும்புத் தட்டு நழுவும் ஆபத்து இயல்பிலேயே அதிகம், அதை வளைப்பதும் இரண்டு காலில் நிறுத்துவதும் நமக்கு எதற்கு?

சவாசனம் அவனுடைய ஆசனம். படுத்ததும் வந்து ஒட்டிக்கொள்வான். அவன் விலா மேல் ஒரு கையை வைத்து மூச்சை எண்ணுவது எனக்குப் பழகிவிட்டது. இது வெறும் தியானம் இல்லை, உபயோகமும் உண்டு: அமைதியாகத் தூங்குகிற நாய் பொதுவாக நிமிடத்துக்கு 30 தடவைக்குக் கீழேதான் மூச்சு விடும், தூக்கத்திலும் தொடர்ந்து அதைத் தாண்டிக்கொண்டே இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது, இதயக் கோளாறு சில சமயம் அப்படித்தான் முதலில் தெரியவரும்.

அப்புறம் வாசனை. நமக்கு இதமாக இருக்கிற ஊதுபத்திப் புகை நாய் மூக்குக்குத் தாங்காது, ஏற்றியே ஆகவேண்டும் என்றால் நாய் வெளியே போக வழி திறந்திருக்கட்டும். பாய் துடைக்க விற்கிற ஸ்பிரேக்கள் பலவற்றில் டீ ட்ரீ எண்ணெய் இருக்கும், அது நாய்களுக்கு விஷம், பாயை நக்குகிற நாய் இருக்கிற வீட்டில் காரமில்லாத சோப்புத் தண்ணீரும் துணியுமே போதும். பாயின் ஓரத்தைக் கடிக்கிற பழக்கம் இருந்தால் பயிற்சி முடிந்த கையோடு சுருட்டி உயரத்தில் வைத்துவிடுங்கள், விழுங்கிய ரப்பர் துண்டு குடலை அடைத்தால் அறுவை சிகிச்சை வரைக்கும் போகும். நகம் பட்டு வருகிற ஓட்டைகளுக்கு மட்டும் என்னிடம் வைத்தியம் இல்லை, அதனால் விலை கூடின பாய் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.