சூட்கேஸில் பூட்டியிருந்த மாத்திரை

இங்கிலாந்தில் மருத்துவம் படிப்பவர்களுக்குப் படிப்பு முடியும் கட்டத்தில் சில வாரங்கள் 'எலெக்டிவ்' உண்டு, அதாவது தாங்களே தேர்ந்தெடுக்கும் இடத்தில் பயிற்சி. விரும்பினால் வெளிநாட்டு மருத்துவமனைக்கும் போகலாம். நான் ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் ஒரு மாவட்ட மருத்துவமனைக்கு ஆறு வாரம் போனேன்.

மலேரியா மாத்திரை, டைபாய்டு ஊசி, வெறிநாய்க்கடி ஊசி எல்லாம் வழக்கம்போல. ரத்தம் வழியாகவும் தொற்றும் கல்லீரல் நோயான ஹெபடைட்டிஸ் பி-க்கு மட்டும் மூன்று டோஸ் தடுப்பூசியோடு விடவில்லை. எதிர்ப்புச் சக்தி 100-க்கு மேல் இருக்கிறதா என்று ரத்தத்தையும் சோதித்தார்கள். ரொம்பப் படுத்துகிறார்களே என்று முணுமுணுத்தேன். கூடவே, நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி தவறி என் கையில் குத்தினால் சாப்பிட ஏழு நாளுக்கான எச்ஐவி தடுப்பு மாத்திரை, சீல் வைத்த பையில். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று சூட்கேஸில் வைத்துப் பூட்டினேன்.

மூன்றாவது வாரம், பெண்கள் வார்டு. ஒரு அம்மாவிடம் ரத்தம் எடுத்துவிட்டு ஊசியைப் போடத் திரும்பினால், அட்டை டப்பா கழுத்துவரை நிறைந்திருந்தது. வேறு டப்பா தேடச் சோம்பல். ஓரமாகச் செருகப் பார்த்தேன். கை நழுவியது. கையுறைக்குள் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்து, மெல்லப் பெரிதானது.

குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினேன். விரலைப் பிழியக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது என்பதெல்லாம் நினைவிருந்தது. அப்புறம் செய்ததுதான் முட்டாள்தனம். யாரிடமும் சொல்லாமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். தரையில் பாய் விரித்து அத்தனை பேர் படுத்திருக்கும்போது, ஒரு பொட்டு ரத்தத்துக்காக யாரைக் கூப்பிடுவது என்ற கூச்சம். என் விரலில் இருந்த பஞ்சைப் பார்த்துக் கேட்டவர் கிளினிக்கல் ஆபீசர். (டாக்டர்கள் குறைவான அந்த நாட்டில் மாவட்ட மருத்துவமனைகளைப் பெரும்பாலும் தாங்குவது இவர்கள்தான்.) அதற்குள் நாற்பது நிமிடம் போயிருந்தது.

"மாத்திரை எங்கே?"

"விடுதியில். பெட்டியில்."

அவர் திட்டவில்லை, சிரித்தார். மருந்தறையிலிருந்து 30 மாத்திரை கொண்ட பிளாஸ்டிக் புட்டி ஒன்றைக் கொண்டுவந்து, முதல் மாத்திரையைத் தன் முன்னாலேயே விழுங்கச் சொன்னார். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்ற மூன்று எச்ஐவி மருந்தும் ஒரே மாத்திரையில். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாயா என்றும் விசாரித்தார். அது டோலுடெக்ராவிரை உடம்பில் சரியாகச் சேரவிடாதாம்.

மலாவியில் நோயாளிகள் தங்கள் மருத்துவக் குறிப்புகள் உள்ள 'ஹெல்த் பாஸ்போர்ட்' புத்தகத்தைக் கையோடு கொண்டுவருவார்கள். அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டுப் பிரித்தோம். எச்ஐவி பாசிட்டிவ், சிகிச்சை தொடங்கி இரண்டே மாதம். என்னைவிட அவர்தான் அதிகம் பதறினார்.

இப்படிக் குத்தினால் எச்ஐவி தொற்றுவது சுமார் 300-ல் ஒன்று. மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, தொடங்க வேண்டும். தேர்வில் மளமளவென்று எழுதிய கணக்குதான். ராத்திரி கொசுவலைக்குள் படுத்திருக்கும்போது அந்த ஒன்று மட்டுமே கண்ணில் நின்றது. ஹெபடைட்டிஸ் பி பற்றி மட்டும் கவலையில்லை. தடுப்பூசி போடாதவர்களுக்கு அது 10-ல் மூன்று வரை போகலாம் என்பதால், முணுமுணுத்த அந்த ரத்தச் சோதனையை அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

28 நாள். முதல் வாரம் குமட்டல், அப்புறம் பழகிவிட்டது. கடைசி ஏழு மாத்திரையை ஊருக்கு வந்துதான் முடித்தேன். அதன்பின் 45 நாள் காத்திருந்து கொடுத்த ரத்தத்தில் எதுவும் இல்லை.

முடிவை வாங்கப் போனபோது கையோடு அந்தப் பையையும் திருப்பிக் கொடுத்தேன். நர்ஸ் உடையாத சீலைப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, தேவைப்படவில்லை போல" என்றார். புட்டியில் மிஞ்சிய இரண்டு மாத்திரைகளை அவர் மேஜைமேல் எடுத்து வைத்தேன்.